திருவொற்றியூர்த் தரையில் ஒரு தளபதியின் துயரம்

பெரம்பூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போக இடத்துக்குப் பஞ்சமில்லை. ஐ.சி.எஃப். பக்கம் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி இன்ஜின்களைக் கிட்ட நின்று பார்க்கலாம், குட்டி ரயிலில் ஒரு சுற்று வரலாம். இல்லையென்றால் முரசொலி மாறன் பூங்கா. இரண்டுமே நல்ல இடங்கள்தான். ஆனாலும் அரை நாள் கையில் இருந்தால் திருவொற்றியூருக்குப் போய் வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் தேரடியில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான்.

தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன் கோயில் என்று எந்தப் பெயரில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். கட்டுச்சோறு மூட்டையோடு பாட்டி முதல் பேரன் வரை கிளம்புவார்கள். வட சென்னையின் பழைய சுற்றுலா அதுதான்.

வம்ச வரிசையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தேவார மூவரும் பாடிய தலம். அபராசிதன், கம்பவர்மன் போன்ற பல்லவர் காலத்து மன்னர்களின் கல்வெட்டுகள் இங்கே உண்டு. பிறகு சோழர்கள், இடையில் கொஞ்ச காலம் இராட்டிரகூடர்கள், மறுபடி சோழர்கள். இப்போது நிற்கும் கருங்கல் விமானம் முதலாம் இராஜேந்திரன் காலத்தது. அதைக் கட்டிய தச்சனின் பெயரே கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். அரசன் பெயர் எல்லாக் கோயிலிலும் கிடைக்கும், உளி பிடித்தவன் பெயர் அரிதாகத்தான் கிடைக்கும். பிள்ளைகளிடம் இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிப்பது முதலில் புற்றும் மகிழமரமும்தான். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பவரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமில்லாமல் பார்க்கலாம். மகிழமரத்தின் கதை சுந்தரருடையது. தான் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் செய்தால் மீற முடியாதே என்று, அந்த நேரம் மட்டும் மகிழமரத்துக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவன் சங்கிலியாரிடம் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் பிற்பாடு திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, சாமி செய்தது சரியா என்று சண்டை போடாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்த மூலை வேறு. கருவறையின் பின்பக்கம். முன்பக்கம் நேராகத் தொடங்கும் விமானம் பின்னால் வளைந்து திரும்புகிறது. தூங்கானை மாடம் என்று சொல்வார்களே, அந்த அமைப்பு. அந்த வளைவை ஒட்டிச் சுற்று நடையில் மெல்ல நடந்து போங்கள், பிறகு தரையைப் பாருங்கள். 1912இல் கல்வெட்டுத் துறையினர் இங்கே படியெடுத்தபோது, மிகப் பழைய கல்வெட்டுகள் பலவற்றைக் கருவறையைச் சுற்றியுள்ள இந்த நடையின் தரையில் பாவிய பலகைக் கற்களில்தான் கண்டார்கள். முந்தைய கட்டடத்தின் கற்கள் பின்னாளில் தரைக் கற்களாகிவிட்டன. குனிந்து பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் விபூதியும் அடைத்த பள்ளங்களாக எழுத்துகள் தெரியும். சில வரிகள் காலடி பட்டுப் பட்டு மழுங்கிவிட்டன.

இந்தக் கோயிலின் பழைய கல்வெட்டுகளில் ஒன்றுக்காகவே நான் ஒற்றியூருக்குப் போகிறேன். கிரந்த எழுத்தில், வடமொழிச் செய்யுளாக, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 959இல் வெட்டியது. அது சொல்லும் கதை இது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்பவன் கலைகளெல்லாம் கற்றுச் சோழ நாட்டுக்கு வந்தான். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தனுக்கு உற்றவனானான், படைத்தலைவனானான். 949இல் தக்கோலத்தில் போர் மூண்டது. இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே மாண்டான். அந்த நேரத்தில் வல்லபன் அவன் பக்கத்தில் இல்லை.

தலைவன் விழுந்த களத்தில் தானும் விழாமல் போனது தன் குடிக்கும் தலைவனுக்கும் தகாத செயல் என்று அவன் நொந்துபோனான். உலகத்தை விட்டான். கங்கையில் நீராடினான். பிறகு ஒற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்கிருந்த மடத்தின் தலைவனானான். வழிபாட்டுக்குப் பொன்னும் கொடுத்தான்.

கல்வெட்டின் தேதியைத் திரும்பப் பாருங்கள். அது யாருடைய ஆட்சியாண்டு? தக்கோலத்தில் இராசாதித்தனை வீழ்த்திய படை யாருடையதோ, அந்தக் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு. ஒற்றியூர் இருக்கும் தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில் இருந்தது. தன் தலைவனைக் கொன்றவனின் ஆட்சியில் வாழ்ந்துகொண்டு, ஆவணத்தின் தலைப்பில் அவன் பெயரையும் போட்டுவிட்டு, உள்ளே இறந்த இளவரசனுக்காகத் தான் அழுததைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார் இந்தத் துறவி. போரில் வென்றவர்களின் கல்வெட்டுகள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. சாகாமல் மிஞ்சியவனின் மனவேதனையைச் சொல்லும் கல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த வல்லபனும், 943இல் பெண்ணையாற்றங்கரையில் ‘கிராமம்’ என்றே பெயர் கொண்ட ஊரில் சிவனுக்குக் கற்றளி எடுத்த வெள்ளங்குமரனும் ஒருவரே என்று சில அறிஞர்கள் எழுதுகிறார்கள். வெள்ளங்குமரனும் கேரளத்தவன்தான், இராசாதித்தனின் படைத்தலைவன்தான். ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. இராசாதித்தனிடம் மலைநாட்டு வீரர்கள் பலர் இருந்தார்கள். ஒரே நாடு, ஒரே தலைவன் என்பதால் இரண்டு பேரை ஒருவராக்கிவிட முடியாது. அதற்கு இன்னொரு கல் சாட்சி வேண்டும்.

சதுரானன பண்டிதர் என்ற பட்டம் மட்டும் மடத்தில் தொடர்ந்தது. இராஜேந்திரன் காலத்தில் அதே பட்டம் தாங்கிய ஒருவர் சொல்லித்தான் ரவி இந்தக் கருங்கல் விமானத்தை எழுப்பினார். போரில் உயிர் தப்பியதற்காக வெட்கப்பட்ட ஒரு மனிதன் வந்து சேர்ந்த மடத்தால்தான் அந்த வளைவு நமக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் அங்கே நிற்பவருக்கு யார் சொல்கிறார்கள்? நான் பார்த்தவரை, இந்தக் கதையை விளக்கி ஒரு பலகை இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். திருப்பணி என்றால் நம் ஊரில் வண்ணம் அடிப்பது, தரையில் வழவழப்பான கல் பதிப்பது, மணல் வீச்சில் சுவரைச் ‘சுத்தம்’ செய்வது என்று ஆகிவிட்டது. மணல் வீச்சு கருங்கல்லின் மேல்தோலை உரிக்கிறது, எழுத்து அந்தத் தோலில்தான் இருக்கிறது. புதுத் தளம் போட்டு மட்டத்தை உயர்த்தினால் விமானத்தின் அடிப்பீடமான அதிட்டானத்தின் அடி வரிகள் புதைகின்றன. தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளைப் பற்றி யுனெஸ்கோ குழு 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. 2021 ஜூனில் அதே நீதிமன்றம் பழைய கோயில்களைக் காக்க 75 கட்டளைகள் இட்டது. அதற்குப் பிறகும் ‘பளபளவென்று இருந்தால்தான் பக்தர்கள் வருவார்கள்’ என்கிற பேச்சு ஓயவில்லை.

இந்தக் கோயில் கேட்பது பெரிய செலவு இல்லை. எழுத்துள்ள தரைக் கற்களை அடையாளம் கண்டு, மக்கள் மிதிக்காதபடி முழங்கால் உயரத் தடுப்பு வைக்க வேண்டும். அடுத்த திருப்பணியில் தரையில் கை வைக்குமுன் கல்வெட்டு அறிஞர் ஒருவரை அழைத்து வர வேண்டும். சதுரானன பண்டிதரின் கதையை எளிய தமிழில், பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஏட்டில் இருந்த அரச ஆணையில் ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று தானே எழுத்தைச் சேர்த்தவர் என்று பேர் பெற்ற எழுத்தறியும் பெருமானின் ஊர் இது. இங்கே எழுத்துகள் காலடியில் தேய்வது அடுக்காது.

பலகை வரும் வரை அந்த வேலை பெற்றோருடையது. நடை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள். கருவறையைச் சுற்றும்போது பிள்ளைகளிடம் தரையைக் காட்டி, எழுத்து இருக்கிறது, பார்த்து நடங்கள் என்று சொல்லுங்கள்.