எங்கள் காணியில் ஒரு வாடி

இங்கிலாந்தில் ஒருவர் தன்னுடைய சொந்தக் காணியில் கூடார முகாம் போடுவதற்கும் நாட்கணக்கு இருக்கிறது. காணி உங்களுடையது, கூடாரமும் உங்களுடையது. ஆனால் விடுமுறைக்கு வருபவர்களை அதில் தங்கவிடுவதென்றால் வருடத்தில் 60 நாட்கள்தான். 2023 யூலையில் வந்த விதி இது. 50 கூடாரங்களுக்கு மேல் கூடாது. மலசலகூடமும் கழிவு அகற்றும் வசதியும் காணிக்குள்ளேயே இருக்கவேண்டும். தொடங்கமுதல் கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். 61ஆவது நாளும் கூடாரம் நிற்கவேண்டுமென்றால் திட்ட அனுமதி எடுக்கவேண்டும். இதைவிட 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வேறு இருக்கிறது. ஒரு காணியைத் தொடர்ந்து 42 நாட்களுக்கு மேலோ, பன்னிரண்டு மாதத்தில் 60 நாட்களுக்கு மேலோ கூடாரங்களுக்கு விடுவதானால் அதற்குத் தனியாக ஓர் உரிமம் வேண்டும்.

இந்தச் சட்டங்களை நான் விரும்பிப் படிக்கவில்லை. நான் ஈஸ்ற்ஹாமில் ஓர் உணவகத்தின் குசினியில் இடியப்பம் பிழிகிறவன், கொத்துரொட்டி அடிக்கிறவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தோடு என் படிப்பு நின்றுபோனது. ஆனாலும் குசினியில் எனக்குப் பெயர் 'கம்பஸ்'. ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அது மாவாய் இருக்கும் என் கைக்குத்தான் வரும். எங்கள் முதலாளி கென்ற் பக்கம் நாலு ஏக்கர் புல்வெளி ஒன்றை வாங்கியபோது அந்தக் கடதாசிகளும் அப்படித்தான் வந்தன.

"தம்பி, இதிலை நிரந்தரமா ஒரு காம்ப் போடவேணும். எங்கடை சனம் பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையளோடை வந்து நிக்கட்டும். நீ மெனிக் பாமிலை இருந்தனிதானே, உனக்கு ரென்ற்றுகளைப் பற்றித் தெரியும்" என்றார்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. எண்பதுகளில் வந்தவர். உதவி கேட்கிற ஒருவரின் முகத்தோடுதான் கேட்டார். எனக்கும் கோபம் வரவில்லை. எனக்குத் தெரியும் என்பது உண்மைதானே.

மெனிக் பாமில் வலயங்களுக்கெல்லாம் பெரிய மனிதர்களின் பெயர்கள். கதிர்காமர், ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அந்தப் பெயர்களுக்குள் இருந்தது. 2009 ஓகஸ்ற் நடுப்பகுதியில் மழை பெய்தபோது மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்து தண்ணீர் கூடாரங்களுக்குள் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. கூடாரத்தில் நாங்கள் பார்க்கிறது கூரையை. ஆனால் மனிதரை வதைக்கிறதும் வாழவைக்கிறதும் நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, படலையை யார் திறக்கிறார்கள். அந்தப் படலை எங்களுக்குக் கொஞ்சமாவது திறந்தது 2009 டிசெம்பர் 1ஆம் திகதி. முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

முதலாளிக்காகப் படித்ததில் ஒரு கதை மனதில் நின்றது. ஆங்கிலேயருக்கு இந்தக் கூடாரப் பொழுதுபோக்கைப் பழக்கியவர் லண்டனில் இருந்த ரொமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையற்காரர். 1901இல் சைக்கிளில் போய்க் கூடாரம் அடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908இல் அதற்கொரு கைநூலும் எழுதினார். அவர் முதன்முதலில் கூடாரத்தில் படுத்தது விடுமுறைக்கு அல்ல. 1853இல், ஒன்பது வயதில், பெற்றோரோடு புலம்பெயர்ந்து வண்டிக் கூட்டமொன்றுடன் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தபோது. ஊர் விட்டுப் போன ஒரு பிள்ளையின் ஞாபகத்திலிருந்துதான் இந்த நாட்டின் உல்லாசம் ஒன்று முளைத்திருக்கிறது. திரும்பிப் போக வீடு இருக்கிறவனுக்குக் கூடாரம் இனிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளிக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நெருப்புப் பரவாதிருக்கக் கூடாரத்துக்குக் கூடாரம் 6 மீற்றர் இடைவெளி. தண்ணீர்க் குழாய் பெருந்தெருவிலிருந்து வரவேண்டும். நாளொன்றுக்கு 2 கன மீற்றருக்கு மேல் கழிவுநீரை நிலத்துக்குள் விடுவதானால் சுற்றாடல் முகவரகத்தின் அனுமதி. மழைக்காலத்தில் கார் புதையாத பாதை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கூடாரத்தின் செலவுதான் ஆகக் குறைவு. "அப்ப நிரந்தரம் எண்டது நிலத்துக்குக் கீழை தாக்கிறதிலையோ இருக்கு?" என்று கேட்டார். ஓமண்ணை என்றேன். முதலில் 60 நாள் கணக்கில் நடத்திப் பார்ப்பதென்று அவர் முடிவெடுத்தார். புத்திசாலித்தனமான முடிவு. அவருக்கு அவசரமில்லை.

அவசரம் எங்கள் வீட்டுக்கு இருந்தது.

நான் பிறந்தது இரணைதீவில். பூநகரிப் பிரதேசத்தின் கரைக்கு அப்பால், பெரியதீவு, சின்னத்தீவு என்று இரட்டையாகக் கிடக்கிற தீவு. இரணை என்றால் இரட்டை. 1992இல், எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, தீவுச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து கரைக்கு வந்தது. கரையில் உருவான குடியிருப்புக்கு இரணைமாதாநகர் என்று பெயர். 2008இல் போர் முழங்காவிலுக்கு வந்தபோது அங்கிருந்தும் ஓடினோம். மெனிக் பாமுக்குள் போகும்போது அப்பா எங்களோடு இல்லை. பிறகு இரணைமாதாநகருக்குத் திரும்ப விட்டார்கள். தீவுக்கு விடவில்லை. அங்கே கடற்படை இருந்தது.

எங்கள் கடற்கரைத் தமிழில் முகாமுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சொல் இருக்கிறது. வாடி. மீன்படுகிற காலத்தில் கரையில் தடியாலும் கிடுகாலும் அடித்துக்கொள்கிற கொட்டில். சோளகமும் வாடையும் மாறும்போது வாடியும் இடம் மாறும். அதற்குள் பாய் இருக்கும், அடுப்பு இருக்கும், வலை இருக்கும். வாடிக்குள் யாரும் பிள்ளை பெறுவதில்லை, செத்தவீடு செய்வதில்லை. அதெல்லாம் வீட்டில்.

2017 மே 1ஆம் திகதி எங்கள் சனம் இரணைமாதாநகரில் போராட்டத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு வருடம் இருந்து பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, யாருடைய பதிலுக்கும் காத்திராமல், வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தீவுக்குப் போய் இறங்கினார்கள். அம்மாவும் போனா. மாதா கோவிலடியில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டார்கள். மே மாதத்தில் அரசாங்கம் மீள்குடியேற்றத்துக்கு உடன்பட்டது.

அம்மாவிடம் காணி உறுதி இல்லை. அது வன்னியில் எங்கேயோ போய்விட்டது. இருந்தது கிணறு. அப்பா கட்டிய கிணற்றுக் கட்டில், சீமெந்து ஈரமாய் இருக்கும்போது ஆணியால் கீறிய 1986 என்ற இலக்கம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நாலு தடி நட்டுத் தறப்பாளைக் கட்டினா. சொந்தக் காணியில் நிரந்தரமாக ஒரு முகாம்.

முதலாளியின் கடதாசிகளும் அம்மாவின் தறப்பாளும் எனக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். இங்கே கேள்வி, கூடாரம் எத்தனை நாள் நிற்கலாம் என்பது. அங்கே கேள்வி, கூடாரம் எத்தனை நாள் நின்றால் காணி திரும்பவும் எங்களுடையதாகும் என்பது.

இந்தக் கேள்வி ஆங்கிலேயருக்கும் தெரியாததல்ல. இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கட்டிய வீடு நாலு வருடம் நின்றுவிட்டால் அதில் கைவைக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது. 2024 ஏப்ரலில் அதைப் பத்து வருடம் ஆக்கினார்கள். சரே மாவட்டத்தில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதற்குப் பின்னால் கோட்டை மாதிரி ஒரு வீட்டைக் கட்டி நாலு வருடம் ஒளித்து வைத்திருந்தார். ஒளித்து நின்ற காலம் கணக்கில் வராது என்று நீதிமன்றம் சொன்னது. 2016இல் வீடு இடிக்கப்பட்டது.

ஒளிக்காதவர்களுக்கும் எல்லா நேரமும் நல்லது நடக்கவில்லை. எசெக்ஸில் பாசில்டனுக்குப் பக்கத்தில் டேல் பாம் என்று ஓர் இடம். வண்டிவீடுகளில் வாழும் ஐரிஷ் நாடோடிச் சனம் காசு கொடுத்து வாங்கிய சொந்தக் காணி. அதன் ஒரு பகுதிக்குத் திட்ட அனுமதி கிடைக்கவில்லை. 2011 ஒக்ரோபர் 19ஆம் திகதி காலையில் பொலிஸ் உள்ளே போனது. ஏறக்குறைய 80 குடும்பங்கள் எழும்பவேண்டியதாயிற்று. மெனிக் பாமில் எங்களை வெளியே போக விடவில்லை. டேல் பாமில் அவர்களை உள்ளே இருக்க விடவில்லை. உறுதி கையில் இருப்பது வேறு, இருக்க விடுவது வேறு என்பதற்கு இந்த இரண்டு பாமும் போதும்.

எங்கள் சனம் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிக்கவில்லை. பட்டப்பகலில், பத்திரிகைக்காரர் பார்த்திருக்கப் போனார்கள். அதற்குப் பிறகும் தீவு இன்னும் முழுக்க ஊராகவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கரையில் படிக்கிறார்கள். எங்கள் வீட்டைப்போலப் பல குடும்பங்கள் ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக இருக்கின்றன. 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைப் புதைக்க இரணைதீவை அரசாங்கம் தெரிவு செய்தது. தீவுச் சனமும் எதிர்த்தது, முஸ்லிம்களும் எதிர்த்தார்கள். பிறகு அடக்கம் ஓட்டமாவடியில் நடந்தது. உயிரோடு இருப்பவர்களை வாடியில் விட்டுவிட்டு, இறந்தவர்களுக்கு மட்டும் அங்கே நிரந்தர இடம் தேடினார்கள்.

நான் சேர்த்த காசைப் பற்றிப் போன வருடம் வீட்டில் வழக்கு வந்தது. அம்மாவுக்குத் தீவில் கல்வீடு வேண்டும். அண்ணா மறித்தார். "கடலுக்கு நடுவிலை ஆர் இருக்கப்போயினம்? பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இஞ்சை. அங்கை வாடி காணும்." இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இங்கிருந்து காசு அனுப்புகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரையில் தொடங்குவோம். படத்தில் தெரிவது அதுதானே. மாடிவைத்துக் கட்டி, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் முதலாளிக்குச் சொன்னதையே அம்மாவுக்கும் சொன்னேன். முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவோம். கிணற்றிலிருந்து தள்ளி, குழி வெட்டி ஒரு மலசலகூடம் கட்டுவோம். மழைத்தண்ணீருக்கு ஒரு தாங்கி வைப்போம். வீடு பிறகு.

தொலைபேசியில் கொஞ்சநேரம் சத்தமில்லை.

"சரி மகன். அப்பிடியெண்டா நிலத்துக்கு மட்டும் சீமெந்து போட்டுத் தா. மேலை தறப்பாள் இருக்கட்டும், பறவாயில்லை. சீமெந்து நிலம் போட்டதை ஒருத்தரும் வாடி எண்டு சொல்லேலாது" என்றா.

கிணறு இறைத்தாயிற்று. மலசலகூடம் முடிந்தது. பன்னிரண்டடிக்குப் பத்தடி நிலம் போட்டாயிற்று. அதன் மூலையில், சீமெந்து காயமுதல், அண்ணாவின் மகள் ஆணியால் வருடத்தைக் கீறியிருக்கிறாளாம்.