விரலுக்குக் கேட்பது

ஒரு பொருள் நைந்துவிட்டதா என்று அறிய நாம் கண்ணைத்தான் முதலில் அனுப்புகிறோம். மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் ஹோஸ் விஷயத்தில் கண் அதிகம் உதவுவதில்லை. அது பெரும்பாலும் உள்ளிருந்து கெடும் பொருள். வெளித்தோல் கறுப்பாக, வழவழப்பாக, புதிதுபோலவே இருக்கும். உட்சுவரிலோ, உலோகக் கழுத்தைக் கவ்வியிருக்கும் முனைகளை ஒட்டி, நீளவாக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். ரப்பர், சூடான நீர், உலோகம் மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு பலவீனமான பாட்டரி உருவாகிவிடுகிறது. அந்த மின்ரசாயன வினைதான் ரப்பரை அரிக்கிறது என்பது விஞ்ஞானம் தரும் விளக்கம்.

நாகமலை புதுக்கோட்டையில், தேனி சாலையோரப் பட்டறை ஒன்றின் மேஸ்திரி இந்த விளக்கம் எதுவும் இல்லாமலே எனக்கு இதைக் கற்பித்தார். "பாக்காதீங்க சார், அமுக்குங்க" என்றார். இன்ஜின் ஆறியபின் கிளிப்பை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்க வேண்டும். நல்ல ஹோஸ் எதிர்த்து நிற்கும், விட்டதும் நிமிரும். கெட்டது இரண்டு வகை. ஒன்று ஊறிப்போய்க் கொழகொழவென்று உள்வாங்கும். மற்றது இறுகிப்போய், அமுக்கும்போது உள்ளே நொறுங்கும். "வெரலுக்குக் கேக்கும் சார்" என்றார். புலன்களைப் பற்றி நம் விமர்சகர்கள் எழுதிய எத்தனையோ பக்கங்களைவிட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

இந்த ஹோஸ் இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. இன்ஜின் ஓடும்போது அதிர்கிறது, அசைகிறது. ரேடியேட்டர் வண்டியின் உடம்போடு பிணைந்து அசையாமல் நிற்கிறது. இவ்விரண்டையும் இரும்புக் குழாயால் இணைத்தால் அதிர்ச்சியில் சீக்கிரமே விரிசல் காணும். ஆகவே இரண்டு கடினங்களுக்கு நடுவே ஒரு மிருது தேவைப்படுகிறது. மேல் ஹோஸ் சூடான நீரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. கீழ் ஹோஸ் ஆறிய நீரை வாட்டர் பம்புக்குத் திருப்புகிறது. பம்பு உறிஞ்சும் பக்கம் என்பதால் கீழ் ஹோஸ் சப்பிப் போகாதிருக்கப் பல வண்டிகளில் உள்ளே ஒரு கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்த நீர் கணத்தில் ஆவியாகிச் சீறும். மேஸ்திரியின் வலது முன்கையில் வெந்த தழும்பு ஒன்று இருக்கிறது. வேலை கற்கும் பையனாக இருந்த நாட்களில் கிடைத்தது.

என்னிடம் இருப்பது அம்பாசடர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதன் பானெட்டுக்கடியில் ஒரு ஆள் தாராளமாகக் கைவிட்டு வேலை செய்ய இடமுண்டு என்பதால் ஹோஸை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுகிறேன். விடிகாலையில், இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது தொடங்குவேன். கீழே ஒரு அகலப் பாத்திரம் வைத்து நீரை வடிக்க வேண்டும். கூலன்டில் உள்ள கிளைக்கால் இனிப்பானது, நக்கினால் தெருநாய் செத்துவிடும். பழைய ஹோஸ் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கிப் பிடுங்கக்கூடாது, கழுத்தின் பற்றவைப்பு விட்டுவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுக்க வேண்டும். கழுத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, கிளிப்புகளை முதலில் புது ஹோஸில் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்ற வேண்டும். எண்ணெயோ கிரீஸோ ரப்பருக்கு ஆகாது. கழுத்தின் புடைத்த விளிம்பைத் தாண்டி ஹோஸ் உட்கார வேண்டும். கிளிப் அந்த விளிம்புக்குப் பின்னால். அதிகம் முடுக்கினால் கிளிப்பே ரப்பரை அறுக்கும். பிறகு நீர் நிரப்பி, மூடியில்லாமல் ஓடவிட்டு, சிக்கிய காற்று வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடேறும். அதையும் கைதான் சொல்கிறது.

இதைத் தெருவில் பலர் நின்று பார்க்கிறார்கள். "ஏன் சார், ஒரு ஆளைக் கூப்பிட்டா ஆகாதா?" என்கிறார் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி. கேள்வியில் அனுதாபம் இருக்கிறது. அதைவிடப் பழைய ஒன்றும் இருக்கிறது. படித்தவன் கையில் கறுப்பு ஒட்டக்கூடாது என்பது நமக்கு அழகியல் அல்ல, சமூகவியல்.

கமலை இறைத்த காலத்தை எண்ணிப் பார்க்கலாம். மின்சார மோட்டார் பம்புகள் வருவதற்கு முன் இந்தச் சமவெளியின் கிணறுகளில் மாடுகள் இழுத்த இரும்புச் சாலின் அடியில் தோலால் ஆன வால் ஒன்று கட்டியிருக்கும். இரும்பிலிருந்து நீர் அந்தத் தோல் வழியாகவே வாய்க்காலில் விழுந்தது. அங்கும் கடினத்தையும் கடினத்தையும் இணைத்தது ஒரு மிருதுதான். அந்தத் தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் சீர்செய்து தந்தவர்கள் சக்கிலியர் என்றழைக்கப்பட்ட அருந்ததியர். அவர்கள் கை பட்ட தோல் வழியே பாய்ந்த நீரில் நெல் விளைந்தது. அவர்கள் கை மட்டும் தீண்டத்தகாததாயிற்று. தோல் போய் ரப்பர் வந்தது. அசூயை முற்றாகப் போனதாக எனக்குப் படவில்லை.

மொழியிலும் இதன் விளைவு தெரிகிறது. 1912-இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியை அவருடைய கம்பெனி செய்து கொடுத்தது. நூறு வருஷத்துக்கு மேல் மோட்டாரோடு வாழ்ந்த ஊர் இது. ஆனால் பட்டறையின் பாஷை நம் எழுத்துக்குள் வந்திருப்பது மிக அற்பம். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதியாக்கினார். பட்டறைக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை. தொடுகிறவர்கள் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் தொடுவதில்லை.

இதைச் சொல்லி உழைப்பைப் புனிதமாக்கிவிடுவதும் சுலபம். மேஸ்திரியின் மகன் கல்லூரியில் படிக்கிறான். பட்டறைப் பக்கம் அவன் வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "இந்தக் கை என்னோட போகட்டும் சார்" என்கிறார். எனக்கு இது விருப்பம், அவருக்குப் பிழைப்பு. என் நகக்கண்ணின் கறை மறுநாளைக்குள் போய்விடும். அவர் கட்டளையைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் கை போவது வேறு, கை அறிந்தது போவது வேறு. பின்னதை அவர் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் குறைந்தால் "தண்ணி குடிக்குது" என்கிறார். குழாயில் காற்றுச் சிக்கினால் "காத்து நிக்குது" என்கிறார். ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். நாற்பது சொற்கள் ஆகியிருக்கின்றன. பாதிக்குமேல் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.