உண்மையைச் சொல்லத் தடை கேட்டவர்கள்

என் கட்சிக்காரர்கள் இரண்டு இளைஞர்கள். நீர்ப் பரிசோதனைக் கூடங்களின் அளவீட்டுக் கோப்புகளைத் திறந்து வரைபடமாக்கும் மென்பொருளை எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்பு வடிவத்தை உருவாக்கியது ஒரு கருவி நிறுவனம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வடிவத்தின் விவரங்களை இலவசமாக வெளியிட்டது. பெயரை மட்டும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. ஆய்வகங்கள் அதற்குப் பழகிய பிறகு வழக்குப் போட்டது. இளைஞர்களின் விளம்பரத்தில் ‘இந்தக் கோப்புகளைத் திறக்கும்’ என்று அந்தப் பெயர் இருந்தது. கூடவே நிறுவனத்தின் லோகோவும் இருந்தது.

லோகோவை உடனே எடுக்கச் சொன்னேன். அதற்காக வாதாட இடமில்லை. பெயர் அப்படியல்ல. வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன் 30-ஆவது பிரிவு, ஒரு சரக்கு இன்னொன்றோடு பொருந்தும் என்பதைத் தெரிவிக்கத் தேவையான அளவுக்கு அடுத்தவர் சின்னத்தைச் சொல்ல இடம் தருகிறது. இல்லாத வணிகத் தொடர்பு இருப்பதுபோல் காட்டக் கூடாது, அவ்வளவுதான். உதிரிபாகத்துக்குச் செல்லும் இந்த விதி மென்பொருளுக்கும் செல்லும் என்று வாதிட்டேன்.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் கேட்டதும் நியாயமான கேள்வி. அரைகுறை மென்பொருள் எழுதிய கோப்பு எங்கள் பெயரில் உலாவி, தண்ணீரிலுள்ள ஈயத்தின் அளவைத் தப்பாகக் காட்டினால் பழி யாருக்கு?

மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தை உதாரணம் காட்டினேன். அந்தப் பெயர் அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான நீமாவின் பதிவுச் சின்னம். ஆனாலும் ஸ்கேன் கருவி நிறுவனங்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்கின்றன. தரத்தின் எந்தெந்தப் பகுதிகளுக்குத் தங்கள் கருவி இணங்கும் என்ற அறிக்கையையும் வெளியிடுகின்றன. அதற்கு மேலும் உத்தரவாதம் வேண்டுமானால் நம் சட்டத்தில் சான்றுச் சின்னம் உண்டு. ஆனால் சான்று பெறும் அதே வகைச் சரக்கை வியாபாரம் செய்பவர் பெயரில் அதைப் பதிய 70-ஆவது பிரிவு விடாது. வாதியும் அதே வகை மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தார். ஆடுகிறவரே நடுவராக முடியாது.

இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது: பெயரை எழுத்தில் சொல்லலாம், லோகோ கூடாது, வடிவத்தின் எந்தப் பதிப்பைத் திறக்கும் என்பதையும், வாதியின் அங்கீகாரம் பெற்றதல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இப்போது தரவு வடிவம் ஒன்றின் பெயரைப் பதிய வருபவர்களிடம், விண்ணப்பத்தோடு ஒரு பக்க அறிவிப்பையும் எழுதி வாங்குகிறேன். அனுமதி கேட்காமலே அந்தப் பெயரை எப்படியெல்லாம் சொல்லலாம் என்பது அதில் இருக்கும். இல்லாவிட்டால், வடிவம் எவ்வளவு நல்லதானாலும், கோர்ட்டுச் செலவுக்குப் பயந்து சின்ன நிறுவனங்கள் அதைத் தொடாது.