மீண்டும் மீண்டும் ஊற்றிய தண்ணீர்



சென்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் இடது முன்கையில் இருந்த கட்டைப் பார்த்து உங்களில் பலர் அன்போடு விசாரித்தீர்கள். "வெந்நீர் பட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யன்று, ஆனால் நீங்கள் சமையலறையை நினைத்துக்கொள்ளட்டும் என்றே அப்படிச் சொன்னேன். அந்த வெந்நீர் என் காரிலிருந்து வந்தது. ஞாயிறுதோறும் ஆலய வளாகத்தில் நிற்கும் வாகனங்களில் வயது முதிர்ந்தவை இன்னும் சில உண்டு. ஆகையால் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 1984ஆம் ஆண்டின் அம்பாசிடர் என்பதை அறிவீர்கள். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அந்த வகைக் காரின் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. அதன் பிறகும் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பின்னிருக்கை. முழங்கால் வலி உள்ளவர்கள் சிரமமின்றி ஏறி அமரலாம். முடியாதவர்கள் சாய்ந்து படுத்துக்கொள்ளலாம்.

மூன்று வாரங்களுக்கு முன், கத்திரி வெயிலில், நம் சபையின் வயதான தாயார் ஒருவரை இருதயப் பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றேன். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார். திருப்பத்தூரைத் தாண்டி மேலூர்ச் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகை எழுந்தது. வெப்பம் காட்டும் முள் செயலிழந்து இரண்டு ஆண்டுகளாகிறது. அதைச் சரிசெய்யாதவனும் நானே. வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். மருத்துவர் கொடுத்த நேரம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்த மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் ஒரு வால்வு. அதில் 7 என்று பொறித்திருந்தால் சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் வரை அது விடாது. அந்த அழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 111 டிகிரி வரை நீராகவே நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் அற்றுப்போகிறது. அதுவரை அடங்கியிருந்த நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மீதி நீரையும் அள்ளிக்கொண்டு மேலே பாய்கிறது. துணியெல்லாம் அதற்குத் தடையல்ல. இஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்து, மேல் ஹோஸ் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு வரும்வரை காத்திருங்கள். அரைமணி நேரத்துக்குக் குறையாது. ஒரு மணி நேரமும் ஆகலாம். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரைச் சூடான இஞ்சினில் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

அந்தத் தாயார் ஒன்றரை மணி நேரம் மரத்தடியில் இருந்தார். தம்முடைய குடிநீர் பாட்டிலை என் கையில் ஊற்றிக் காலிசெய்தார். நாங்கள் மதுரை போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் புறப்பட்டுவிட்டார். அடுத்த நாள் குறித்துக் கொடுத்தார்கள்: மூன்று வாரம் கழித்து. நெஞ்சில் படபடப்பு என்று சொல்லும் ஒருவருக்கு அது நீண்ட காலம். அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அங்கிருக்கும் பெரியவரைப் 'பாய்' என்றே இத்தனை ஆண்டுகளும் அழைத்துவருகிறேன். எழுபதை நெருங்குகிறவர். பானெட்டைத் திறக்குமுன் கேள்விகளைத்தான் திறந்தார்.

"எவ்வளவு நாளா தண்ணி குறையுது ஐயா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும் பாய். வாரம் ஒரு செம்பு ஊத்துவேன்."

"ஊருக்குள்ள கொதிக்குமா, ஓட்டத்துல கொதிக்குமா?"

"ஊருக்குள்ள ஒன்னும் தெரியல. நீண்ட ஓட்டத்துலதான்."

"சரி. அந்த ஏழெட்டு மாசத் தண்ணி எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஸ்டியரிங்கில் கைவைத்து ஜெபித்தவன்தான். பானெட்டைத் தூக்கி ஐந்து நிமிடம் பார்க்கவில்லை.

அவருடைய இரண்டாவது கேள்வியின் பொருளைப் பிறகு விளக்கினார். நின்றுகொண்டிருக்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் கொதித்தால் காற்றில் குறை: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டரின் முகத்தில் தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். வேகமாக ஓடும்போது கொதித்தால் காற்றுக்குக் குறைவில்லை, நீரோட்டத்தில் குறை. எனக்கு நேர்ந்தது இரண்டாவது.

தண்ணீர் போன இடமும் தெரிந்தது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கசியும் நீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாக ஓர் உப்புக் கோடு காய்ந்து கிடந்தது. இஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்து, ஃபேன் காற்றில் சிதறிவிட்டபடியால் என் வீட்டுத் தரையில் ஒரு துளியும் தென்படவில்லை. தரை உலர்ந்திருந்ததால் கசிவே இல்லை என்று நானும் நம்பிவந்தேன்.

ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. அதற்கும் எளிய சோதனை உண்டு. காலையில் இஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். இடைவிடாமல் குமிழிகள் வந்தால் எரிவாயு நீருக்குள் புகுகிறது என்று பொருள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்ணுரை படிந்திருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் இல்லை. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு இஞ்சினின் பக்கவாட்டில் நீரை வடிக்க உள்ள குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் சொட்டு, பின்பு, நம் ஊர்ச் செம்மண்ணைக் கரைத்தது போன்ற குழம்பு. துரு! ஏறக்குறைய ஒரு படி அளவு வந்து விழுந்தது.

"போர் தண்ணிதானே ஊத்துனீங்க?" என்றார். ஆம் என்றேன். இனிய சம்பை ஊற்று நீரையே ஊற்றியிருந்தாலும் துரு பிடித்திருக்கும், உப்பு மட்டும் குறைந்திருக்கும் என்றார். வளவு முற்றத்தில் அண்டா வைத்து மழைநீர் பிடித்த காலத்தில், பழைய டிரைவர்கள் அதைத்தான் எடுத்து ஊற்றுவார்களாம்.

இதற்குப் பின்னால் உள்ள வேதியியல் நமக்கு அந்நியமானதல்ல. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் 1948இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நம் சிக்ரி ஆய்வகத்தின் முக்கிய ஆய்வுப் பொருள்களில் ஒன்று உலோக அரிப்பு. வார்ப்பிரும்பு இஞ்சின், செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர், அவற்றை இணைக்கும் ஈயப் பற்று ஆகிய அனைத்தும் ஒரே நீரில் நனைந்திருப்பதால், அது ஒரு மின்கலம் போலவே வேலை செய்து இரும்பைத் தின்கிறது. இங்கே நான் அறியாதிருந்த ஒன்று உண்டு. ஒருமுறை நிரப்பி மூடிய நீரில் உள்ள ஆக்சிஜனும் சுண்ணாம்பும் சிறிது காலத்தில் தீர்ந்துபோகும். அரிப்பின் வேகமும் குறையும். வாரந்தோறும் புதுநீர் ஊற்றினால் வாரந்தோறும் புதிய ஆக்சிஜன், புதிய சுண்ணாம்பு. கசிவு சிறியதுதான். அதை மறைக்க நான் ஊற்றிய ஒவ்வொரு செம்பும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் பற்றை உருக்கித் திறந்து, குழாய்தோறும் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். பழைய பித்தளை ரேடியேட்டருக்குத்தான் இந்த வைத்தியம். இப்போதைய அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்தவற்றுக்கு இது ஆகாது. புது வாட்டர் பம்ப், புது ஹோஸ்கள், புது மூடி, புது வெப்பமானி. ஆண்டுகளுக்கு முன் யாரோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் பொருத்தினார். அதை எடுத்துவிட்டால் இஞ்சின் குளுமையாக ஓடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. உண்மையில் இஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், விரைவில் தேயும். பொருத்துமுன் அதை நூலில் கட்டி, டீ போடும் பாத்திரத்து வெந்நீரில் தொங்கவிட்டுக் காட்டினார். 82 டிகிரியை ஒட்டி மெல்லக் கண் திறந்தது. சிறுபிள்ளை போல் இரண்டாம் முறையும் செய்யச் சொல்லிப் பார்த்தேன்.

இப்போது வாலை வடிநீரும் கூலன்ட்டும் சரிபாதி. நம் ஊரில் நீர் உறைந்துவிடும் பயமில்லை. அரிப்பைத் தடுப்பதற்காகவே அது வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார். ஓர் எச்சரிக்கை: பல கூலன்ட்டுகள் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய நஞ்சு. வடித்த நீரைத் தெருவில் விடாதீர்கள். நாய் நக்கும், பிள்ளைகள் தொடுவார்கள்.

உங்கள் வண்டியில் நீர் குறைந்தால், ஊற்றுவதோடு நில்லாமல் ஊற்றிய தேதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான் அதைச் செய்திருந்தால் தீபாவளிக்கு முன்பே பட்டறைக்குப் போயிருப்பேன்.

வருகிற வியாழக்கிழமை மறுபடியும் மதுரை. பேருந்தில் போகலாமா, வாடகைக் கார் ஏற்பாடு செய்யட்டுமா என்று அந்தத் தாயாரைக் கேட்டேன். இந்த முறையும் அவர் என் கையைத்தான் பார்த்தார்.

"மூடியத் தொடமாட்டேன்னு சொல்லுங்க ஐயா, நம்ம கார்லயே வர்றேன்."

சொல்லியிருக்கிறேன்.