கையெழுத்துப் போடாதவர்கள்

ரேஸ் தடத்தில் காரை இறக்குவதற்கு முன் ஒரு படிவம் தருவார்கள். டயர், ஹெல்மெட், பிரேக் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று வரிசையாகக் கேட்கும் படிவம். பிரேக் ஆயில் சமீபத்தில் மாற்றப்பட்டதா என்ற வரிக்கு நேராக 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். கார் என் கைக்கு வந்தபிறகு நான் பிரேக் ஆயிலைத் தொட்டதே இல்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று விசாரிக்கவும் இல்லை.

கார், பழைய பிஎம்டபிள்யூ இசட்4. இரண்டே இருக்கை. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன், பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை. அந்த நீண்ட பானெட்டுக்குப் பின்னால் தாழ உட்கார்ந்து ஓட்டும்போது எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடைத்ததில்லை. சென்னைக்கும் இந்தப் பித்து புதிதல்ல. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் ரேஸ் பார்த்த ஊர் இது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வந்தது. போட்டி இல்லாத சில நாட்களில் பணம் கட்டி நம் சொந்தக் காரையே அங்கே ஓட்டலாம். காலையில் வீட்டிலிருந்து ஓட்டிப் போய், பகலெல்லாம் தடத்தில் விரட்டிவிட்டு, சாயங்காலம் அதிலேயே வீடு திரும்பலாம். ரேஸ்காரர்கள் வண்டியை லாரியில் ஏற்றி வருவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ரோட்டுக்கும் தடத்துக்கும் ஒரே கார்தான்.

அந்த ஒரு காருக்கு நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? முதலில் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து சக்தியைக் கூட்டினேன். பிறகு சைலன்சர். பிறகு காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங். பிறகு எடை குறைந்த வீல், அதற்கு ரேஸ் டயருக்குப் பக்கத்தில் வருகிற மென்மையான டயர். ஒவ்வொன்றையும் நண்பர்களிடம் காட்ட முடிந்தது. பிரேக் ஆயிலை யாரிடம் காட்டுவது? மாற்றத் தேவைப்படும் ஆயிலின் விலை ஒரு டேங்க் பெட்ரோலை விடக் குறைவு. பணம் ஒரு காரணமே இல்லை.

என் மெக்கானிக் எச்சரிக்கத்தான் செய்தார். "சார், ஓடறதுக்கு எல்லாம் பண்ணிட்டீங்க. நிறுத்தறதுக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். "அடுத்த தடவை பாத்துக்கலாம்ணே" என்றேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஆளோடு சேர்த்து 1,600 கிலோ வரும் ஒரு காரை மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 90-க்குக் கொண்டுவந்தால், வேகம்தான் பாதியாகிறது; காரின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிப் பெரும்பாலும் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. இறங்குவது சில விநாடிகளில். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அந்தச் சூடு, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போகும். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். நீரின் அளவு 3.7 சதவீதம் ஆனபிறகு, 155 டிகிரி வரை தாங்கினாலே விதிப்படி போதும். கொதித்தால் குமிழ் வரும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். குமிழை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பல வருஷம் கிடந்த ஆயிலை வைத்துக்கொண்டு நான் தடத்தில் இறங்கினேன். இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நேர்பாதையின் முடிவில் பெடல் தரைவரை போனது. காலை எடுத்து மறுபடி மறுபடி மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. கார் வளைவைத் தாண்டி மண்ணில் இறங்கி நின்றது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை. பிட்டுக்குத் திரும்பியதும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "ஸ்பீடு அதிகம், லைன் தப்பிடுச்சு" என்றேன். ஆறியதும் பெடல் ஓரளவு கெட்டியானது. அந்த வண்டியில்தான் ஶ்ரீபெரும்புதூர் ரோட்டில் பஸ்களுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே வீடு வந்தேன்.

அதன்பிறகாவது ஆயிலை மாற்றினேனா? இல்லை. பேட்தான் குறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரேஸ் பேட் வாங்கிப் போட்டேன். அதையும் நண்பர்களிடம் காட்டிக்கொள்ளலாம். ரேஸ் பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் சூடாக இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். தடத்தில் அது சரி. ரோட்டில் பிரேக்கே தொடாமல் பல கிலோமீட்டர் போய்விட்டுத் திடீரென்று மிதித்தால், குளிர்ந்த பேட் முதலில் வழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகளை ஏற்றிக்கொண்டு ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனேன். கோவளம் தாண்டி, தலையில் கூடையோடு ஒரு அம்மா ரோட்டைக் கடந்தார். நம் ஊரில் எல்லோரும் செய்வதுபோல, என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தார். நின்றுவிடுவேன் என்ற நம்பிக்கை. மிதித்தேன். பெடல் நீளமாகப் போனது, பேட் பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்து அவருக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் கடந்தேன். கண்ணாடியில் பார்த்தேன், கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாமா, அவங்க கை காட்டினாங்களே?" என்றாள் குழந்தை.

"திடீர்னு வந்துட்டாங்கடா" என்றேன். அவர் திடீரென்று வரவில்லை.

தடத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஆபத்தை அறிந்து கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர்கள். அந்த அம்மா எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையும் போடவில்லை. ரோட்டும் தடமும் ஒரே காரில் மோதும்போதெல்லாம் நான் தடத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னேன். அதன் விலையை ரோட்டில் போகிறவர்கள் மேல் சுமத்தினேன். என் குற்றம் அதுதான்.

கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கள் வட்டத்தில் அந்தப் பிரிவைத் திட்டாதவர் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை. ஆனால் சத்தம் போடும் சைலன்சரைப் போலீஸ் தெருமுனையிலேயே பிடித்துவிடலாம். பழைய பிரேக் ஆயிலை எந்தச் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள்? அதைப் பார்க்க வேண்டியவன் வண்டிக்காரன் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் மெக்கானிக்கிடம் போனேன். காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, என்னைப் பெடல் மிதிக்கச் சொல்லி, அவர் நிப்பிளைத் திறந்தார். குழாயில் வந்தது ஆயில் நிறத்திலேயே இல்லை. டிகாக்‌ஷன் போலக் கறுத்து, நடுநடுவே குமிழோடு வந்தது. நான்கு சக்கரத்திலும் வெளிர்மஞ்சளாக வரும்வரை விடாமல் எடுத்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது தடத்துக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு முறையும் புது ஆயில். ரோட்டுக்குக் கம்பெனி பேட், சாதாரண டயர். தடத்துக்கான பேடை அங்கே போய் ஜாக்கி வைத்து மாட்டுகிறேன், கிளம்பும் முன் கழற்றுகிறேன். நேரம் போகிறது, ஓட்டக் கிடைக்கும் சுற்றுகள் குறைகின்றன. குறையட்டும்.

அக்காவிடம் போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். குறுக்கே பேசாமல் கேட்டாள். "நீ வண்டியைச் சரி பண்ணிட்டே, சந்தோஷம்டா. ஆனா இனிமே அவ உன் வண்டியில ஏற வேண்டாம்" என்றாள். சரிக்கா என்றேன். பிறகு குழந்தையைக் கூப்பிட்டு, அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு மாமா மேல் என்று சொன்னேன்.