அவன் கொண்டுவந்த கல்

என் எழுதுமேசையின் மீது, காகிதங்கள் பறவாதிருக்க வைக்கப்பட்ட கல் ஒன்று உண்டு. உள்ளங்கையளவே இருக்கும். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்டு, சுருளின் குறுக்கே வரிவரியாக மேடிட்டிருக்கும். வீட்டிற்கு வருவோர் அதைக் கையிலெடுத்துப் பார்த்து, "எங்கே வாங்கினீர்கள்?" என்று வினவுவர். நான் அதை வாங்கவில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து பறித்தேன்.

1978 ஆம் ஆண்டு. அன்றைய திருச்சி மாவட்டத்தில், காரை என்னும் ஊரை அடுத்த ஒரு சிற்றூரில் நான் ஆசிரியனாகப் பணியாற்றி வந்தேன். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஞானோபதேச வகுப்பும் என் பொறுப்பில் இருந்தது. உலகப் படைப்பைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். காற்சட்டைப் பையிலிருந்து இந்தக் கல்லை எடுத்து நீட்டினான். கல் பொறுக்க வந்த கல்லூரி மாணவர்கள் அது கடலில் வாழ்ந்த உயிர் என்று அவனிடம் கூறியிருக்கின்றனர். "சார், நம்ம ஊருல கடல் இருந்திச்சாம். அது எந்த நாளு சார்? மூணாம் நாளா, அஞ்சாம் நாளா?" என்று கேட்டான்.

அவன் குறும்பிற்குக் கேட்கவில்லை. முகத்தில் அத்தனை ஆவல். இன்று அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்றோ, மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று கூறும் துணிவும் இல்லை. வேத புத்தகத்தைப் பரிகாசம் செய்கிறாயா என்று அதட்டிக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு, வகுப்பு முடியும்வரை அவனை முழந்தாளிடச் செய்தேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சில மாதங்களில் அக்குடும்பம் கல்லுடைக்கும் வேலை தேடி வேறெங்கோ பெயர்ந்துவிட்டதாகக் கேள்வியுற்றேன்.

கல்லை எறிந்துவிட மனம் வரவில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அது யாது என அறிய முற்பட்டேன்.

அதன் பெயர் அம்மோனைட். ஆட்டுக் கொம்புடன் உருவகிக்கப்பட்ட அம்மோன் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் வந்தது. பார்வைக்கு நத்தைபோல் தோன்றினும் அது நத்தையன்று. நம் மீனவர் வலையில் அகப்படும் கணவாய்க்கு உறவு. நம்மில் பலர் அண்டை வீட்டாரின் பூசையறையில் சாளக்கிராமத்தைக் கண்டிருப்போம். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அக்கல்லும் பெரும்பாலும் அம்மோனைட்டின் படிவமே. இமயத்தின் மடியிலும் ஒருகாலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அது சான்று.

காரையில் இன்று நின்று பார்ப்போர்க்குக் கடலை நினைக்கவே இயலாது. மழைநீர் அரித்த களிமண் பள்ளங்களும் கருவேல முட்களுமே காணப்படும். கடற்கரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கடல் இப்பகுதியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்தவை சேற்றில் புதைந்து, ஓட்டின் இடத்தைத் தாதுப்பொருள் நிரப்பக் கல்லாயின. துப்பாக்கித் தோட்டாவைப் போன்று நீண்டு கூர்மையான கற்களையும் அங்கே அள்ளலாம். அவையும் கணவாயின் பழைய உறவினங்களின் உள்ளெலும்புகளே. 1840களில் கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இவ்வட்டாரத்திலும் புதுவைப் பக்கத்திலும் திரட்டிய படிவங்கள் இலண்டனுக்குச் சென்றன. பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஸ்டோலிச்கா என்பவர், தென்னாட்டின் இக்கடலுயிர்களைப் பற்றிப் பெரும் தொகுதிகளை எழுதினார். அரியலூரைச் சுற்றிலும் சிமெண்டு ஆலைகள் எழுந்தது ஏன்? அச்சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அக்கடலுயிர்களின் ஓடுகளும் எச்சங்களுமே. நம் கோவில்கள் சிலவற்றின் சுவர்களிலும் அக்கடல் கலந்திருக்கக்கூடும்!

இவற்றைப் படித்துவருகையில்தான் ஒரு பெயர் எதிர்ப்பட்டது. என்னை வெட்கித் தலைகுனியச் செய்த பெயர் அது.

1666 ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தருகே மீனவர் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தனர். அதன் தலை பிளாரன்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டது. அதை அறுத்து ஆராயும் பணி, டென்மார்க் நாட்டினரான நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் இளம் உடற்கூற்று மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் மால்டா தீவின் பாறைகளிலிருந்து முக்கோணக் கற்களை எடுத்து விற்பர். அவற்றை நாக்குக்கல் என்பர். புனித பவுல் அத்தீவில் கரையேறியபோது கையைச் சுற்றிய விரியனின் கதையோடு இணைத்து, பாம்பின் நாக்கு கல்லானது என மக்கள் பக்தியோடு நம்பினர். ஸ்டெனோ சுறாவின் பல்லையும் நாக்குக்கல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே! அவருக்கு முன்பும் சிலர் இதைக் கூறியதுண்டு. ஆனால் கடல்வாழ் உயிரின் பல் மலைப்பாறைக்குள் எங்ஙனம் புகுந்தது என்று அவர் மேலும் வினவினார். பாறை ஒருகாலத்தில் சேறாக இருந்தது. சேறு அடுக்கடுக்காகப் படிந்தது. ஆகவே கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது. 1669 இல் அவர் வெளியிட்ட இவ்வெளிய விதியின் மீதுதான் நிலவியல் என்னும் முழுக் கல்வியும் இன்று நிற்கிறது.

லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர் 1667 இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1675 இல் குருவானார். 1677 இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, வட ஜெர்மனியின் சிதறுண்ட மந்தையை மேய்க்கச் சென்றார். வறுமையை விரும்பி ஏற்று, 48 வயதிலேயே இறந்தார். 1988 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்றுதான் ஸ்டெனோவும் எண்ணினார் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவர் திறந்த கதவின் வழியே பிறர் வெகுதூரம் சென்றனர். ஆனால், பீடத்தில் வணங்கத்தக்க ஒருவர் கேட்ட கேள்வியைத்தான் என் மாணவனும் கேட்டான். நான் அவனை முழந்தாளிடச் செய்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு அவளை அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் பேருந்தில் அவள் கேட்டாள்: "தாத்தா, திமிங்கிலத்துக்கு முன்னாடி கால் இருந்துச்சாமே? அப்போ யோனாவை விழுங்கினது?"

யோனாவை விழுங்கியது ஒரு பெரிய மீன் என்றே மறைநூல் கூறுகிறது, திமிங்கிலம் என்று நாமே சேர்த்துக்கொண்டோம் என்று முதலில் தப்பித்துக்கொண்டேன். பிறகு, படித்தறிந்ததைக் கூறலானேன். இம்முறை ஓரளவு ஆயத்தமாயிருந்தேன்.

திமிங்கிலம் மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டுவது, மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வருவது. எனில் தரையிலிருந்து அது கடலுக்கு எவ்வாறு சென்றது? டார்வின் காலத்தில் இதற்குச் சான்று மிகக் குறைவே. சான்றுகள் பலவும் பின்னர் நம் துணைக்கண்டத்திலேயே கிடைத்தன. பாகிஸ்தானில் கிடைத்த மண்டையோடு ஒன்றிற்கு 1981 இல் பாக்கிசீட்டஸ் எனப் பெயரிட்டனர். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடைக்கரையில் நான்கு கால்களால் நடந்த விலங்கு, காதெலும்போ திமிங்கிலத்தினுடையது. 1994 இல் அதே நாட்டிலிருந்து, நடக்கவும் நீந்தவும் வல்ல ஆம்புலோசீட்டஸ் அறிவிக்கப்பட்டது. எகிப்தின் பாலைவனத்தில் திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்றே பெயர்பெற்ற இடத்தில், பதினைந்து மீட்டருக்கும் மேல் நீண்ட பசிலோசாரஸின் எலும்புக்கூடுகள் மணலில் கிடக்கின்றன. 1834 இல் இதற்குப் பெயரிட்டவர் பல்லியினம் என மயங்கி, பல்லிகளின் அரசன் என்று பொருள்படப் பெயர் வைத்துவிட்டார். பிழை தெரிந்தும் பெயர் மாறவில்லை. அதன் பின்னங்கால்களை 1990 இல் அறிவித்தனர். முழங்காலும் விரல்களும் உள்ளன. அப்பேருடலைத் தாங்க ஒருபோதும் பயன்பட்டிருக்க முடியாத சின்னஞ்சிறு கால்கள். இன்றைய திமிங்கிலத்திலோ, தசைக்குள் புதைந்த இடுப்பெலும்பின் சிறு மிச்சமே உண்டு. மூக்குத்துளையும் அவ்வாறே: பழையவற்றில் முகத்தின் நுனியில், இடைப்பட்டவற்றில் சற்றுப் பின்னே, இன்று தலையுச்சியில்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது காஷ்மீரத்தின் காலாகோட்டில் கிடைத்த இந்தோகையஸின் வரலாறு. ரங்க ராவ் என்னும் நம் நாட்டு நிலவியலாளர் அங்கே எலும்புகள் செறிந்த பாறைத்துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை முழுதும் ஆராயுமுன் இறந்துபோனார். அவர் மனைவி அக்கற்களை ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, பின்னர் தெவிசன் என்னும் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார். பாறையைச் சுரண்டுகையில் உதவியாளர் கைதவறி ஒரு மண்டையோட்டின் காதெலும்பை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் தெரிந்தது, திமிங்கில இனத்திற்கே உரிய தடித்த சுவர்! பூனையளவே உள்ள, மானைப் போன்ற குளம்புகளுடைய அவ்விலங்கு திமிங்கிலத்திற்கு நெருங்கிய உறவு என்பது 2007 இல் வெளியாயிற்று. கணவர் பொறுக்கிவந்த கற்களைக் குப்பையென எறியாத அப்பெண்மணியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பும், நம் கறிக்கடையில் காணும் ஆட்டின் கணுக்கால் எலும்பைப் போன்றே இருபுறமும் உருளையாக அமைந்தது. ஆடும் மாடும் பன்றியும் நீர்யானையும் திமிங்கிலத்தின் சுற்றத்தார் என்று கேட்டபோது பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்போ பைபிள்ல சொன்ன ஆறு நாள் பொய்யா, தாத்தா?"

பேருந்தில் எனக்கு அதே பழைய வியர்வை அரும்பியது. தொடக்க நூல், எலும்புகளின் வயதைக் கணக்கிட எழுதப்பட்டதன்று. யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்று கூற எழுதப்பட்டது என்றேன். பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 இலேயே தம் சுற்றுமடலில், மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளினின்று தோன்றியதா என ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்றும், ஆன்மாவோ கடவுளால் நேரே படைக்கப்படுகிறது என்றும் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல், மறைநூலாசிரியர் கையாண்ட இலக்கிய வகையை அறிந்தே வாசிக்குமாறு பணித்தது. 1996 இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டதை ஏற்றார். இவற்றுள் முதலிரண்டும் 1978 க்கு முற்பட்டவை. நான் படித்திருக்கவில்லை, அவ்வளவுதான். பழியைத் திருச்சபையின் மேல் போடுவதற்கு இடமில்லை.

அவள் சிறிது நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு, அம்மோனைட் இப்போது எங்கே உள்ளது என்று கேட்டாள். எங்கும் இல்லை, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த பேரழிவில் அவ்வினமும் முற்றிலும் அழிந்தது என்றேன். "கடவுளுக்கு அது பிடிச்சிருந்துச்சுன்னா, ஏன் எல்லாத்தையும் சாகவிட்டாரு?"

தெரியாது, அம்மா, என்றேன். அச்சொல்லைக் கூற எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. அவள் அதனால் மனம் வருந்தியதாகத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல் எனக்கு முன்னரே புறப்பட்டுத் திருப்பலிக்கு நின்றாள்.

அச்சிறுவனைத் தேட முயன்றேன். பழைய பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவன் பெயர் உள்ளது. பங்குத்தந்தை அன்போடு எடுத்துக் காட்டினார். அதற்குமேல் ஒரு குறிப்பும் இல்லை. திருமணப் பதிவு வேறு பங்கில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்போது அவனுக்கு வயது அறுபதை நெருங்கியிருக்கும். பெயரை இங்கு அச்சிடுவது முறையன்று. ஆனால் இந்த இதழ் செல்லும் வீடுகளில் எங்கேனும், காரைப் பக்கத்தில் பிறந்து, சிறுவயதில் கல்லுக்காக முழந்தாளிட்டதாகச் சொல்லும் ஒருவர் இருப்பாராயின், ஆசிரியர் முகவரிக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டுகிறேன். அன்று அவர் கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற விடையை மேலே எழுதியிருக்கிறேன். கல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நானே கொண்டுவந்து தருவேன்.