ஒடுக்கு விழுந்த பாத்திரங்கள்

பேஸ்பால் ஆட்டத்தின் சூட்சுமங்களை விளக்கச் சொன்னால் நான் திணறிப்போவேன். ஆனால் ஆட்டக்காரர்களை வாங்குவதும் மாற்றிக்கொள்வதுமாக அங்கே நடக்கிற வியாபாரம் இருக்கிறதே, அதைப் படிப்பதில் எனக்குத் தனி ருசி. கதை எழுதுகிறவனுக்கு மனிதர்கள் எங்கே இடம் மாறுகிறார்களோ அங்கேதான் கண் போகும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரெட் சாக்ஸ் கோஷ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டு அதன் நிலைமை பரிதாபம். 162 ஆட்டங்களில் 93 தோல்வி. தன் பிரிவில் கடைசி இடம். ஆள் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. கார்ல் கிராஃபோர்டு, ஏட்ரியன் கொன்சாலஸ் என்று பெரிய பெரிய பெயர்கள். ஏழேழு வருஷ ஒப்பந்தம். அலமாரி நிறைய வெள்ளிப் பாத்திரம். அடுப்பில் வைக்க ஒன்றும் உதவவில்லை!

அந்த ஆகஸ்டு மாதம் நிர்வாகி பென் செரிங்டன் துணிந்து ஒரு காரியம் செய்தார். இவ்விருவருடன் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கோஷ்டிக்குத் தள்ளிவிட்டார். சுமார் 25 கோடி டாலர் சம்பளப் பாரம் தலையிலிருந்து இறங்கிற்று.

பிறகு, ஒப்பந்தம் முடிந்து யாருக்கும் கட்டுப்படாமல் நின்ற ஆட்டக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். பலர் ஒடுக்கு விழுந்த பாத்திரங்கள். மைக் நபோலிக்கு மூன்று வருஷத்துக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் என்று பேச்சு முடிந்திருந்தது. வைத்தியர்கள் சோதித்தபோது இடுப்பு எலும்பில் வியாதி தெரிந்தது. பேரம் சுருங்கிற்று: ஒரே வருஷம், உறுதியாகக் கைக்கு வருவது 50 லட்சம். ஜப்பானியரான கோஜி உயெஹாராவுக்கோ வயது 38 ஆகப்போகிறது. ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர் பதவிக்கு அவரை யாரும் நினைக்கவில்லை. அதற்கென்று இருந்த இருவரும் காயமுற்ற பிறகே அது அவர் கைக்கு வந்தது.

2013 அக்டோபர் 30 இரவு, உலகத் தொடரின் கடைசிப் பந்தை எறிந்தவர் அந்த உயெஹாராதான். தங்கள் சொந்த மைதானத்தில் பாஸ்டன்காரர்கள் அப்படியொரு வெற்றியைக் கண்டது 1918-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. நபோலி அந்த வருஷம் தம் மட்டையால் 92 ஓட்டங்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

இங்கே கதையை முடித்துச் சுபம் போட்டுவிடலாம். ஆனால் வாழ்க்கை எழுத்தாளனைக் கேட்டா நடக்கிறது? 2014-இல் அதே கோஷ்டி 91 ஆட்டங்களில் தோற்று மறுபடியும் கடைசிக்கே போயிற்று. "எல்லாம் அதிர்ஷ்டம்தான் ஐயா!" என்றார் என் நண்பர் ஒருவர்.

இருக்கலாம். அதிர்ஷ்டம் இல்லாமல் யார் ஜெயித்தார்கள்? ஆனாலும் எனக்கு நபோலியின் நினைவுதான் வருகிறது. தன் விலை சரிந்ததைக் கேட்ட மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை; கிடைத்த ஒரு வருஷத்தை வாங்கிக்கொண்டு ஆடினார். அந்த வருஷம் முடிந்ததும் அதே கோஷ்டி, இரண்டு வருஷத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் தருவதாக அவருடன் கையெழுத்திட்டது.

ஒடுக்கை எடுத்தது செரிங்டன் அல்ல; பாத்திரமே எடுத்துக்கொண்டது. அவர் செய்ததெல்லாம் அதைத் தூக்கி எறியாமல் அடுப்பில் ஏற்றியதுதான். அதற்கும் ஒரு மனம் வேண்டும்.